எழுத்தறியா உழவர் விட்டுச்சென்ற ஏடுகள்

1860-ஆம் ஆண்டு மே மாதத்தில், இல்லினாய்ஸ் ராஜ்யத்து வக்கீலான ஆபிரகாம் லிங்கனை அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குத் தங்கள் வேட்பாளராகக் குடியரசுக் கட்சியார் நிறுத்தியபோது, அவருடைய பூர்வோத்தரங்களை அறிந்துகொள்ளும் ஆவல் நாடெங்கும் உண்டாயிற்று. கென்டக்கி ராஜ்யத்து எலிசபெத்டவுனில் நெடுங்காலம் நீதிமன்றக் குமாஸ்தாவாக இருந்த சாமுவேல் ஹேகிராஃப்ட் என்பவர், தாம் அறிந்த விவரங்கள் சரிதானா என்று லிங்கனுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். பெரும்பாலும் சரியே என்று பதில் எழுதிய லிங்கன், தாயாரைப் பற்றிய செய்தியை மட்டும் திருத்தினார்: தந்தை தாமஸ் லிங்கன், ஸாலி ஜான்ஸ்டன் அவருடைய இரண்டாவது மனைவி, தம்மைப் பெற்றவளின் பெயர் நான்சி ஹாங்க்ஸ். ஊர்ப் பதிவேடுகளோடு வாழ்நாள் முழுவதும் பழகிய ஒருவரே, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் குடியிருந்த ஓர் உழவரின் குடும்பத்தைப் பற்றி இவ்வாறு தவறினார் என்றால், சாமானிய மனிதன் ஒருவனுடைய வாழ்க்கையை ஏடுகளிலிருந்து மீட்டெடுப்பது எத்துணைப் பிரயாசையான காரியம் என்பது விளங்கும்.

ஸாராவை, அதாவது ஸாலியை, தாமஸ் மணந்த 1819 டிசம்பர் 2-ஆம் தேதி எலிசபெத்டவுன் பதிவேட்டில் இருந்தது. ஆனால் நான்சியை மணந்த பதிவு அந்த ஊர் அடங்கிய ஹார்டின் ஜில்லாவில் எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அகப்படாத பதிவு அவதூறுக்கு இடம் கொடுத்தது. லிங்கனின் பெற்றோர் முறைப்படி விவாகம் செய்துகொண்டவர்களே அல்லர் என்று பேசினார்கள். லிங்கன் கொலையுண்டு பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1878-இல், பக்கத்து வாஷிங்டன் ஜில்லாவின் நீதிமன்றக் குமாஸ்தா புக்கர் என்பவர் தம் அலுவலகத்துப் பழைய கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தபோது, 1806 ஜூன் 10-ஆம் தேதியிட்ட ஒரு பிணைப்பத்திரம் வெளிப்பட்டது. இந்த விவாகத்துக்குத் தடை ஒன்றும் இல்லை என்று உறுதி கூறி, தடை இருக்குமாயின் 50 பவுன் செலுத்தக் கடமைப்பட்டவர்களாகத் தாமஸ் லிங்கனும், நான்சியின் பக்கத்து மனிதரான ரிச்சர்ட் பெர்ரியும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஜூன் 12-ஆம் தேதி விவாகத்தை நடத்திவைத்த ஜெஸ்ஸி ஹெட் என்னும் பாதிரியார் எழுதி ஒப்படைத்த ஜாபிதாவும் அங்கேயே கிடைத்தது. மணமகள் எந்த ஜில்லாவில் இருந்தாளோ அந்த ஜில்லாவில்தான் பத்திரம் பிறக்கும். தேடியவர்களோ மணமகனின் ஊரிலேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு பெண்ணின் மானம் எழுபத்திரண்டு ஆண்டுகள் முப்பது, நாற்பது மைலுக்கு அப்பால் ஒரு காகிதக் கட்டுக்குள் பத்திரமாக இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், வமிசாவளி ஆராய்ச்சி என்னும் இந்தக் கலையின்பால் எனக்கு மதிப்பு மிகுகிறது.

அந்தக் கலையின் ஆதாரமான விதி இது: உழவன் தானாக எதையும் எழுதி வைப்பதில்லை, அவனிடமிருந்து பிறருக்கு ஏதேனும் வேண்டியிருக்கும்போதுதான் அவன் பெயர் ஏட்டில் ஏறுகிறது. வரி வசூலிப்பவன் குதிரையை எண்ணும்போதும், நிலம் கைமாறும்போதும், கடைக்காரன் கணக்கில் துணியும் பொத்தானும் எழுதும்போதும், வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ நிற்கும்போதும், ஜூரியாக உட்காரும்போதும், வழிதவறி வந்த கால்நடையைத் தன் தொழுவத்தில் கட்டிவைத்துவிட்டு அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும்போதும் மட்டுமே அவன் சரித்திரத்துக்குக் கண்ணில் படுகிறான். தன் பெயரைத் தட்டுத்தடுமாறிக் கையெழுத்திடுவதற்கு மேல் எழுத்தறியாத தாமஸ் லிங்கன், இவ்வாறு தாம் அறியாமலேயே நூற்றுக்கணக்கான தஸ்தாவேஜுகளில் அகப்பட்டுக்கொண்டார். தேடுவோன் முதலில் எதிர்கொள்ளும் சங்கடம் பெயரே. எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியதால் லிங்கன் என்பது லிங்க்ஹார்ன் என்றும் லிங்கெர்ன் என்றும் உருமாறியிருக்கும். அதோடு அதே கென்டக்கியில் தாமஸ் லிங்கன் என்னும் பெயருடைய சிற்றப்பா ஒருவரும் வாழ்ந்தார். பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு ஆளும் ஒன்று என்று முடிவுகட்டுகிறவன் ஒருவனுடைய கடனை மற்றொருவன் தலையில் ஏற்றிவிடுவான். ஆகையால் பெயரை மட்டும் பின்தொடராமல், நிலத்தையும் ஓடையையும் அண்டை வீட்டாரையும் சாட்சிக் கையெழுத்துகளையும் சேர்த்துப் பின்தொடர வேண்டும். நிலம் இடம் பெயராது, மனிதர்கள் பெயர்வார்கள்.

தாமஸ் 1778-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். பேரனுக்குத் தம் பெயரைக் கொடுத்த அவருடைய தந்தை, காப்டன் ஆபிரகாம் லிங்கன், குடும்பத்தோடு கென்டக்கிக்கு வந்து ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் சேர்த்தார். 1786-இல் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது அமெரிக்க ஆதிக்குடிகளின் துப்பாக்கிக்கு இரையானார். அவர் விட்டுச்சென்ற ஜங்கமப் பொருள்களுக்கு நீதிமன்றத்தின் ஆணைப்படி எடுத்த மதிப்பீட்டு ஜாபிதா இன்றும் இருக்கிறது: குதிரைகள், பசுக்கள், களைக்கொட்டுகள், கலப்பை இரும்பு, துப்பாக்கிகள், பாத்திரங்கள். ஒரு வீட்டின் உட்புறத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சித்திரம் வேறில்லை. இவ்வளவு நிலத்துக்கு வாரிசான வீட்டில் பிறந்த தாமஸ், ஏன் கூலி வேலை செய்யும் பையனாக ஊர் ஊராய்த் திரிந்தார்? விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்தவனுடைய நிலம் மூத்த மகனையே சேரும் என்பது அக்காலத்து வர்ஜீனியாச் சட்டம். கென்டக்கியும் அப்பொழுது வர்ஜீனியாவைச் சேர்ந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு கொடுக்கும் புதிய சட்டம் 1785-இல் இயற்றப்பட்டிருந்தும் 1787 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. சில மாதங்கள் முந்திவிட்ட மரணத்தால் நிலம் முழுவதும் மூத்த அண்ணன் மார்டிகாய்க்குப் போயிற்று. தாமஸுக்கு ஒரு சாண் இல்லை. குடும்பக் கதைகளில் விதி என்று சொல்லப்படுவது, ஏடுகளைப் புரட்டினால் பல சமயங்களில் ஒரு சட்டத்தின் பிரிவாக இருக்கக் காண்கிறோம்.

ஆயினும் 1803-இல் தாமஸ் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் 118 பவுன் கொடுத்து மில் க்ரீக் என்னும் ஓடைக்கரையில் 238 ஏக்கர் வாங்கினார். 1808-இல் ஸிங்கிங் ஸ்பிரிங் பண்ணையை 200 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினார். மறு ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி அங்கேதான் மகன் ஆபிரகாம் பிறந்தான். 1811-இல் நாப் க்ரீக் பள்ளத்தாக்கில் குடியேறினார். மூன்று நிலங்களும் தொல்லையில் முடிந்தன. கென்டக்கியில் நிலத்தை அளந்த முறையே அதற்குக் காரணம். இந்தக் கருவாலி மரத்திலிருந்து அந்தப் பாறை வரையில், பாறையிலிருந்து ஓடை வளைவு வரையில் என்று எல்லை எழுதினார்கள்; மரம் விழுந்தது, ஓடை திரும்பியது, ஒருவன் அளந்த நிலத்தின்மேலேயே மற்றொருவன் அளந்தான். மில் க்ரீக் நிலத்தை 1814-இல் விற்கும்போது 238 ஏக்கரில் 38 ஏக்கர் காணாமற் போயிருந்தது. வாங்கிய விலையைவிட 18 பவுன் குறைவாகவே அதைக் கொடுக்க நேர்ந்தது. ஸிங்கிங் ஸ்பிரிங் பண்ணை முன்னைய உடைமையாளர் வைத்த கடனுக்காக வழக்கில் சிக்கியது. நாப் க்ரீக்கிலோ, 10,000 ஏக்கர் தங்கள் மூதாதையருடையது என்று வெளியூர் வாரிசுகள் கிளம்பி, தாமஸையும் அக்கம்பக்கத்து உழவர்களையும் வெளியேற்ற வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கில் உழவர் பக்கமே தீர்ப்பாயிற்று. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் அவர் மனம் வெறுத்து ஊரைவிட்டே போய்விட்டார்.

இந்தத் தஸ்தாவேஜுகளை ஒருவரும் படியாத காலத்தில்தான் தாமஸ் லிங்கன் சோம்பேறி, உருப்படாதவர், எங்கும் நிலைத்து நில்லாதவர் என்னும் சித்திரம் எழுந்தது. மகனோடு சேர்ந்து வக்கீல் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ண்டன், 1865-க்குப் பிறகு பழைய அயலாரையும் உறவினரையும் தேடிச்சென்று வாய்மொழிகளைத் திரட்டினார்; அது பெரும் புண்ணியமான வேலை என்பதில் ஐயமில்லை; அவர் திரட்டியிராவிட்டால் பல செய்திகள் அழிந்தே போயிருக்கும். எனினும் கேட்டது ஐம்பது ஆண்டுக்குப் பிந்திய ஞாபகத்தை. சொன்னவர்களோ தந்தையைத் தாழ்த்தினால் மகனின் பெருமை உயரும் என்று எண்ணினவர்கள். கென்டக்கியில் வாழ்ந்த லூயிஸ் வாரன் என்னும் பாதிரியார் நீதிமன்றங்களின் பழைய கட்டுகளைப் பொறுமையாகப் புரட்டி, 1926-இல் லிங்கனின் பெற்றோரையும் பால்யத்தையும் பற்றிய நூலை வெளியிட்டபோது வேறொரு மனிதர் எழுந்து நின்றார். 1814-ஆம் ஆண்டின் வரிப்பட்டியலில் 98 சொத்துக்காரர்களுள் மதிப்பில் 15-ஆவது இடம் தாமஸுடையது. ஜூரியாக அமர்ந்திருக்கிறார், 1816-இல் ஊர்ச் சாலையின் ஒரு பகுதிக்கு மேற்பார்வையாளராக நியமனம் பெற்றிருக்கிறார். மர ஆலைக்கு உத்தரம் செதுக்கிக் கொடுத்தது சரியில்லை என்று ஆலைக்காரர் தொடுத்த வழக்கில் இவர் பக்கமே தீர்ப்பாகியிருக்கிறது. வாய்மொழியும் ஏடும் முரண்படும் இடத்தில், அக்காலத்திலேயே, வேறொரு காரியத்துக்காக, புகழவோ இகழவோ எண்ணாமல் எழுதப்பட்ட ஏட்டையே நான் நம்புவேன்.

1816 டிசம்பரில் தாமஸ் ஒஹையோ நதியைக் கடந்து இந்தியானாவுக்குப் போனார். அடிமை முறையும் நில உரிமைக் குழப்பமும் அதற்குக் காரணங்கள் என்று மகனே பின்னாளில் எழுதியிருக்கிறார். அங்கே அரசாங்கம் நிலத்தை முன்கூட்டியே ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொரு சதுரத்தையும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்டிருந்தது. 1817 அக்டோபர் 15-ஆம் தேதி வின்சென்ஸ் நில அலுவலகப் புத்தகத்தில் தாமஸ் லிங்கன் பெயரில் 160 ஏக்கர் பதிவாகிறது: ஏக்கர் 2 டாலர்; முதலில் கட்டியது கால் பங்கான 80 டாலர். பத்து ஆண்டுகள் பாக்கியைக் கட்ட முடியாமல், 1827-இல் பாதி நிலத்தை அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுத்து, அதன் பொருட்டுக் கட்டியிருந்த பணத்தை மற்றப் பாதிக்கு ஈடாக்கி, 80 ஏக்கருக்குப் பட்டா பெற்றார். அந்த எண்பதில் ஒரு விரற்கடைக்கும் யாரும் வழக்குத் தொடுக்கவில்லை.

பெண்களையும் குழந்தைகளையும் தேடப் புகுந்தால் ஏடுகள் மௌனமாகிவிடுகின்றன. 1840 வரையில் எடுத்த அமெரிக்க ஜனத்தொகைக் கணக்குகளில் குடும்பத் தலைவனுடைய பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் இத்தனை வயதுக்குள் இத்தனை பேர் என்று இலக்கமாக நிற்பார்கள். 1850-இல்தான் சுதந்திர மக்கள் ஒவ்வொருவரும் பெயரோடு எழுதப்பட்டார்கள். நான்சியின் கை பட்ட சுவடு மில் க்ரீக் நிலத்தை விற்ற பத்திரத்தில் இருக்கிறது. மனைவியின் சம்மதம் சட்டத்துக்கு வேண்டியிருந்ததால் அவளுடைய கீறல் அங்கே விழுந்தது. 1818 அக்டோபர் 5-ஆம் தேதி அவள் இறந்தாள். நச்சுச் செடியைத் தின்ற பசுவின் பாலால் உண்டாகும் நோய் அவளைக் கொண்டுபோயிற்று என்பதை எந்தப் பதிவேடும் சொல்லவில்லை. அந்த இடத்தில் உறவினரின் வாய்மொழிதான் நமக்குக் கதி, ஹெர்ண்டனுக்கு நாம் கடன்பட்டிருப்பதும் அங்கேதான். அவளுடைய மகள் ஸாரா 1826-இல் மணமாகி, 1828 ஜனவரியில் பிரசவத்தில் மாண்டாள். மூன்றாவதாக ஒரு மகன் பிறந்து சிசுவாகவே இறந்தான். தந்தையின் பெயரையே அவனுக்கு வைத்திருந்தார்கள். அவனுக்குப் பிறந்த தேதியும் இல்லை, இறந்த தேதியும் இல்லை. 1933-இல் நாப் க்ரீக்குக்கு அருகில் ஒரு பழைய மயானத்தைச் சீர்செய்தவர்கள், டி, எல் என்னும் இரண்டு எழுத்துகள் மட்டும் பொறித்த சிறு கல்லொன்றை மண்ணுக்கடியிலிருந்து எடுத்தார்கள். அது அந்தக் குழந்தையின் தலைமாட்டில் தந்தை நட்ட கல் என்றே கருதுகிறார்கள்.

1830 மார்ச்சில் குடும்பம் இல்லினாய்ஸுக்குப் பெயர்ந்தது. 1841-ஆம் ஆண்டின் ஒரு கிரயப் பத்திரத்தில், 40 ஏக்கரைத் தந்தை மகனுக்கு 200 டாலருக்கு விற்கிறார். பெற்றோர் இருவரும் உயிரோடிருக்கும்வரை அந்த நிலத்தை அனுபவித்துக்கொள்ளலாம் என்று மகன் ஒப்புக்கொள்கிறார். தந்தைக்கும் மகனுக்கும் அன்பு குறைவு என்று எழுதுகிறவர்கள் இந்தப் பத்திரத்தையும் ஒருமுறை படிக்க வேண்டும். தாமஸ் இறந்த பிறகு, குடும்ப பைபிளின் வெற்றுப் பக்கங்களில் மகன் தம் கையாலேயே பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றை எழுதிவைத்தார். வாழ்நாளெல்லாம் பிறர் தேவைக்காகவே ஏடுகளில் ஏறிய அந்த உழவரின் பெயர், அவர் பொருட்டே எழுதப்பட்ட இடம் அது. தாமஸ் லிங்கன் 1851 ஜனவரி 17-ஆம் தேதி இறந்தார், வயது 73 வருஷம் 11 நாள் என்று அதில் இருக்கிறது; பின்னோக்கி எண்ணினால் அவர் பிறந்த நாள் 1778 ஜனவரி 6 என்று தேறுகிறது.