பதக்கமும் கைவிலங்கும்

மைதானத்துக்கு வெளியே நடந்த குற்றத்துக்கு வேலையில் தண்டனை தருவது சரியா?

சித்தூர், திருப்பதி பக்கத்து இளைஞர்களுக்கு விளையாட்டு மைதானம் உத்தியோகத்துக்கான வழியும்கூட. கபடியிலோ ஓட்டத்திலோ பெயர் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் இடம் கிடைக்கலாம். ஆனால் அப்படிச் சேர்ந்தவரை ஒரு நாள் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால்?

2021 மே மாதம் டெல்லியில் அதுதான் நடந்தது. ஒலிம்பிக்கில் 2008இல் வெண்கலமும் 2012இல் வெள்ளியும் வென்ற மல்யுத்த வீரர் சுஷில் குமார், சத்ரசால் ஸ்டேடியத்தில் தாக்கப்பட்ட இளம் வீரர் ஒருவர் இறந்துபோன வழக்கில் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். சில நாட்களிலேயே வடக்கு ரயில்வே அவரை சஸ்பெண்ட் செய்தது.

பலரும் இதைத் தண்டனை என்றே நினைத்தார்கள். விதிப்படி அது தண்டனை அல்ல. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருக்கும் ரயில்வே ஊழியர் எவரும் சஸ்பெண்ட் ஆனதாகவே கருதப்படுவார். டிக்கெட் கவுன்ட்டர்காரருக்கும் ஒலிம்பிக் வீரருக்கும் விதி ஒன்றுதான். பிழைப்பூதியமும் உண்டு. கோர்ட் குற்றவாளி என்று தீர்ப்பளித்த பிறகு, அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவின்படி துறை விசாரணை இல்லாமலே டிஸ்மிஸ் செய்யலாம். அப்போதும் குற்றத்தின் தன்மையை எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும் என்று 1985இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

தீர்ப்புக்கு முன்பே அவசரப்பட்டால் என்ன ஆகும்? சித்தூர் மாவட்ட எல்லையைத் தாண்டி, தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலில் விடை இருக்கிறது. பாரத் கோல்டு மைன்ஸ் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் வீட்டுச் சோதனையில் தங்கம் சிக்கியது என்று 1985இல் சஸ்பெண்ட் செய்தார்கள். பிழைப்பூதியம்கூடத் தரவில்லை. அவர் வராமலே விசாரணை முடிந்து 1986இல் வேலை போயிற்று. 1987இல் கிரிமினல் கோர்ட் அவரை விடுதலை செய்தது. வேலையையும் சம்பள பாக்கியையும் தரச் சொல்லி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபோது 1999 பிறந்திருந்தது.

அதிகாரிக்குச் சம்பள பாக்கியாவது மிஞ்சியது. ஒரு ஓட்டக்காரருக்கு அந்த 14 வருடங்களை யார் திருப்பித் தருவது?

மறுபக்கமும் உண்டு. 1988இல் பாட்டியாலாவில் சாலைத் தகராறு ஒன்றில் முதியவர் ஒருவர் இறந்தார். அந்த வழக்கு முடியாமல் கிடந்த ஆண்டுகளிலும் நவ்ஜோத் சிங் சித்து இந்தியாவுக்காக கிரிக்கெட் ஆடினார். ஓராண்டு சிறை என்று சுப்ரீம் கோர்ட் முடித்து வைத்தது 2022இல். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தால், ஆட்டக்காரர் ரிட்டயர் ஆகிவிடுவார். இறந்தவரின் குடும்பம்தான் காத்துக்கொண்டிருக்கும்.

எனவே முதலாளி கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். குற்றச்சாட்டுக்கும் பார்க்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா? சிறுவர்களுக்குப் பயிற்சி தருபவர்மீது அடிதடி வழக்கு என்றால், தீர்ப்பு வரும்வரை அவரை அங்கிருந்து விலக்குவது நியாயம். சொந்த ஊர் வரப்புத் தகராறுக்காக அவரது பிழைப்பையே பறிப்பது நியாயமல்ல. இரண்டாவது, இதே வழக்கில் ஒரு குமாஸ்தா சிக்கினால் என்ன செய்வோம்? அதைவிடக் கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். பதக்கம் கேடயமாகவும் கூடாது, பாரமாகவும் கூடாது.