வீட்டு வை-பைக்குப் பூட்டு போட்டாயிற்றா?

2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் இமெயில் வந்தது. அதன் ஐ.பி. முகவரியைத் தொடர்ந்து சென்ற போலீசார், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றனர். அவருடைய வை-பை இணைப்பு பூட்டப்படாமல் இருந்ததால், வேறு யாரோ அதைப் பயன்படுத்தியிருந்தனர்.

வை-பை சிக்னல் உங்கள் வீட்டுச் சுவருடன் நின்றுவிடாது. எனவே பேங்க் கணக்கை வீட்டிலிருந்து கையாளும் முன் இவற்றைச் சரி செய்திடுங்கள்.

ரௌட்டரின் அடியில் உள்ள லேபிளில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். அதனை பிரவுசரில் டைப் செய்து என்டர் தட்டினால் செட்டிங்ஸ் பக்கம் கிடைக்கும்.

1. அட்மின் பாஸ்வேர்ட்: இது செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கும் சாவி, வை-பை பாஸ்வேர்ட் வேறு. பழைய ரௌட்டர்கள் பலவற்றில் இது எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகவே இருக்கும். முதலில் இதை மாற்றவும்.

2. செக்யூரிட்டி: டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதனைத் தேர்ந்தெடுக்கவும்; இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2 போதும். டபிள்யூ.இ.பி. வேண்டாம். அதன் பலவீனம் 2001லேயே வெளியாகிவிட்டது. சில நிமிடங்களில் உடைத்துவிடலாம்.

3. வை-பை பாஸ்வேர்ட்: குறைந்தது 8 எழுத்துகள் கட்டாயம், 15க்கு மேல் இருந்தால் நல்லது. போன் நம்பர், பிள்ளைகள் பெயர் வேண்டாம்.

4. கெஸ்ட் நெட்வொர்க்: வீட்டிற்கு வருபவர்களுக்கு இதனைத் தனியே அமைத்துக் கொடுங்கள்.

இவை ரௌட்டர் வரையிலான பாதுகாப்பே. அங்கிருந்து பேங்க் தளம் வரை உங்கள் தகவலைக் காப்பது எச்.டி.டி.பி.எஸ். முகவரி அப்படித் தொடங்குகிறதா, பேங்க்கின் பெயர் எழுத்து மாறாமல் உள்ளதா எனப் பார்த்த பின்னரே பாஸ்வேர்டை டைப் செய்திடுங்கள்.