குடிநோயினின்று மீள்வோரின் தன்சுட்டு: சித்தூர், திருப்பதி இருமொழிச் சூழலில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

குடிப்பழக்கத்திலிருந்து மீளும் ஒருவர் தம்மை எச்சொல்லால் சுட்டிக்கொள்கிறார் என்பது மொழியியலாரின் கவனத்தை அதிகம் பெறாத வினாவாகும். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களில் பேச எழும் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி, தாம் ஆல்கஹாலிக் என்று அறிவித்துக்கொள்வது மரபு. பல ஆண்டுகளாக ஒரு துளியும் அருந்தாதவர்கூட இதனை நிகழ்காலத்திலேயே கூறுகிறார். தன்னை உள்ளவாறு ஏற்றுக்கொள்ளுதல் என்னும் கருத்து முழுவதும் இவ்வொரு வாக்கியத்தின்மேல் நிற்கிறது. இது தமிழுக்கும் தெலுங்குக்கும் வரும்போது நேரும் மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

சித்தூர், திருப்பதிப் பகுதி இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். 1911இல் வடஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தின் திருத்தணிப் பகுதி 1960இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் இருமொழி வழக்கு மாறவில்லை. மருத்துவர் தெலுங்கில் சொல்வதை மகனோ மகளோ தந்தைக்குத் தமிழில் எடுத்துரைக்கும் நிலை இங்கு இயல்பானது. மொழிபெயர்ப்பாளரே நோயாளியின் குடும்பத்தாராகவும் இருக்கும்போது சொல்தேர்வு உறவையும் தொடுகிறது.

முதலில் பெயர்ச்சொற்களை நோக்குவோம். தமிழில் ‘குடிகாரன்’ என்பதில் உள்ள காரன் விகுதி இழிவு குறிப்பதன்று. பால்காரன், தோட்டக்காரன் ஆகியவற்றிலும் அதுவே வருகிறது. இழிவு பகுதியிலிருந்து வருவதாகும். தெலுங்கில் நிலை வேறு. ‘தாகுபோத்து’ என்பதன் விகுதியே பழிப்புப் பொருளுடையது. பெருந்தீனி தின்பவனைக் குறிக்கும் ‘திண்டிபோத்து’, ஓயாது பிதற்றுபவனைக் குறிக்கும் ‘வதருபோத்து’ ஆகியவற்றை ஒப்புநோக்குக. எனவே குடிகாரன் என்பதைத் தாகுபோத்து என்று பெயர்த்தால் பழிப்பு ஒரு படி கூடுகிறது. மறுபுறம், தமிழ்ச்சொல் பால் காட்டுவது. ‘குடிகாரி’ என்பதன் கடுமை ஆண்பாற் சொல்லுக்கு இல்லை. தெலுங்குச் சொல் இருபாலுக்கும் பொது.

சிகிச்சை நிலையங்களில் வழங்கும் ‘குடிநோயாளி’ நல்ல ஆக்கம் என்பதே எம் கருத்து. அது பால் காட்டுவதில்லை. ‘அவர்’ என்னும் மரியாதைப் பெயரோடு இயைகிறது. ஆயினும் நோயாளி என்பவர் குணமடைய வேண்டியவர் என்னும் எதிர்பார்ப்பு அதனுள் உண்டு. பத்தாண்டுகள் குடிக்காதிருப்பவர் ‘நான் குடிநோயாளி’ என்றால் கேட்போர் திகைப்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு மதுப்பயன்பாட்டுக் கோளாறு என்னும் பொருளுடைய தொடரை மேற்கொண்டது. அதையொட்டி, நோயாளரை நோயின் பெயரால் அழையாது, ‘மனிதர்’ என்னும் சொல்லை முன்வைத்து நோயைப் பின்னர்ச் சொல்லும் வழக்கும் ஆங்கிலத்தில் வலுத்துள்ளது. தமிழில் அடை முன்னரே வரும் ஆதலின் இச்சொல்வரிசை இயலாது. ஆனால் ‘குடிநோய் உள்ளவர்’ என்னும் தொடரில் தலைமைச்சொல் மனிதரைச் சுட்டும் ‘அவர்’ என்பதே. ஆங்கிலம் வரிசையால் பெறுவதைத் தமிழ் தலைமைச்சொல்லால் பெறுகிறது. வரிசையையும் பின்பற்ற முயன்று ‘மனிதர், குடிநோயுடன்’ என்றெழுதுவது வீண்முயற்சி.

இடவிகுதி பற்றியும் இங்குக் கூற வேண்டும். தெலுங்கில் பெயர்ப்பயனிலை இடம் காட்டும்: தன்மையில் ‘நேனு தாகுபோத்துனி’, முன்னிலையில் ‘நுவ்வு தாகுபோத்துவி’, படர்க்கையில் விகுதியின்றித் ‘தாகுபோத்து’. பேசுபவன் தன்னை அப்பெயரோடு விகுதியாலேயே பிணைத்துக்கொள்கிறான். இக்காலத் தமிழில் ‘நான் குடிகாரன்’, ‘அவன் குடிகாரன்’ இரண்டிலும் பயனிலை ஒன்றே. பிறர் சூட்டிய பெயரைத் தானும் திருப்பிச் சொல்வது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. பழந்தமிழில் இவ்வேறுபாடு இருந்தது. குறிப்பு வினைமுற்றாகிய சிறியேன், நாயேன் முதலியன அவ்வகையின. அவற்றுள் ‘அடியேன்’ வைணவ வழக்கில் இன்றும் வாழ்கிறது. திருமலையடிவாரத்தில் அதனை நாள்தோறும் கேட்கலாம். தன் குறையைத் தன் வாயால் உரைத்தும் தன் மதிப்பை இழக்காத ஒரு தன்மைச் சொல் இம்மண்ணில் முன்பே உண்டு என்பது கருதத்தக்கது.

‘குடிக்கு அடிமை’ என்னும் தொடரும் இதனோடு தொடர்புடையது. ஆங்கில ‘அடிக்ட்’ என்பதன் இலத்தீன் மூலம் உரோமானியச் சட்டத்தில் கடனுக்காகக் கடன்கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்டவனைக் குறித்தது. ஆகவே அடிமை என்பது சொல்வரலாற்றின்படியும் பொருந்தும். தெலுங்கில் ‘பானிச’ என்பர். ஆனால் இன்று பெருவழக்கு ‘வியசனம்’. தமிழில் இதன் வழிவந்த ‘விசனம்’ துயரத்தையே குறிக்கும். வடமொழியில் கேடு, தீயபழக்கம் ஆகிய இரு பொருளும் உண்டு. அர்த்தசாத்திரத்தின் எட்டாம் அதிகரணம் இரண்டையும் இச்சொல்லின்கீழ் வைத்துப் பேசுகிறது. சித்தூரில் தெலுங்கு அறிவிப்பை ஒலிவழித் தமிழாக்குவோர் ‘விசன விடுதலை’ என்று எழுதிவிடக்கூடும். படிப்பவர் தம் துயரம் தீருமென்று கருதுவார். குடியை அதில் காணமாட்டார்.

இதுவரை கூறியவை பெயர்கள். வினைக்கு வருங்கால் சிக்கல் ஆழமாகிறது. சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில் சத்தியப் பிரமாணத்துக்குப் பெயர்பெற்றது. வழக்குடையோர் மட்டுமன்றிக் குடியை விட விரும்புவோரும் அங்குச் சென்று சத்தியம் செய்கின்றனர். ‘இனிக் குடிக்கமாட்டேன்’ என்னும் கூற்று ஆஸ்டின் கூறும் செயற்கூற்று ஆகும், சொல்வதே செயல். கூட்டத்தில் ‘நான் குடிநோயாளி’ என்பதோ முதன்மையாக நிலைகூறல். மீண்டும் ஒருநாள் குடிக்க நேர்ந்தால் இரண்டின் விளைவும் வேறு. முன்னது பொய்யாகிறது, சொன்னவர் சத்தியம் தவறியவராகிறார், பழைய இழிவோடு புதியதொன்றும் சேர்கிறது. பின்னது பொய்யாவதில்லை. அதே வாக்கியத்தை மறுநாளும் சொல்லலாம். மீள்வோர் இத்தகைய நிகழ்ச்சியைச் ‘சறுக்கல்’ என்பது பொருத்தமே. சறுக்கியவர் எழுந்து அதே வழியில் நடக்கலாம். சத்தியத்தைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. ஊரும் உறவும் சாட்சியாக நிற்கும் வலிமை அதற்குண்டு. மொழிபெயர்ப்பில் இவ்விரண்டையும் ஒன்றாக்குவதே தவறு.

தமிழில் ‘குடிக்கமாட்டேன்’ என்பது மனவுறுதியையும், ‘குடிப்பதில்லை’ என்பது வழக்கத்தையும் காட்டும். பேச்சில் முன்னது வழக்கத்துக்கும் வருமெனினும், பின்னதைக் கொண்டு சத்தியம் செய்ய இயலாது. தெலுங்கில் ‘தாகனு’ என்னும் ஒரே வடிவம் இரண்டுக்கும் உரியது. இது பழந்தமிழின் காலம் காட்டா எதிர்மறையாகிய ‘உண்ணேன்’ போன்றதன் உறவு. ஆகவே ‘ஈ ரோஜு தாகனு’ என்று ஒருவர் சொன்னால் அதனை ‘இன்று குடிக்கமாட்டேன்’ எனப் பெயர்ப்பதா, ‘இன்று குடிப்பதில்லை’ எனப் பெயர்ப்பதா என்பதைச் சூழலே முடிவு செய்யும். கோயிலில் முன்னது. ஒவ்வொரு நாளாக வாழ்வதைக் கற்பிக்கும் கூட்டத்தில் ‘இன்று மட்டும் குடிப்பதில்லை’ என்பதே மூலத்தின் அடக்கத்துக்கு நெருங்கியது.

இறுதியாக, அவ்வமைப்பு 1939இல் வெளியிட்ட பன்னிரண்டு படிகளில் முதலாவது, மதுவின்முன் தம் ஆற்றலின்மையை ஒப்புக்கொண்டதைத் தன்மைப் பன்மையில், இறந்தகாலத்தில் கூறுவது. ஆங்கிலத்துக்குத் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழுக்கு நாம், நாங்கள். தெலுங்குக்கு மனமு, மேமு. ‘நாங்கள்’ என்றால் முன்னே சென்றவர்களின் சான்றுரையாகிறது; புதிதாக வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் அவர் இன்னும் ஒப்புக்கொள்ளாததை அவர் சார்பில் நாமே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நூலாக அச்சிடுகையில் நாங்கள் என்பதே நேர்மையானது. கூட்டத்தில் உரக்கப் படிக்கும்போது வேறொரு வழியுண்டு. இரு மொழிகளிலும் வினைவிகுதி இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. எழுவாயை விட்டு ‘ஒப்புக்கொண்டோம்’ என்றும், தெலுங்கில் ‘ஒப்புக்குன்னாமு’ என்றும் மட்டும் படித்தால், அந்த ஓகாரத்துள் தாம் அடங்குவாரா என்பதைக் கேட்பவரே தம் நேரத்தில் முடிவு செய்துகொள்ளலாம்.