உப்பு நிலத்துக்கு முதலில் மண் பரிசோதனை

சென்னை நகருக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால், எண்ணூரை அடுத்த மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உட்புகுந்தது. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். 1983இல் 9 கிலோமீட்டர்.

இங்குள்ள விவசாயிகள், வயலில் உப்பு பூத்தவுடன் ஜிப்சம் வாங்கிப் பணத்தை வீணாக்கக் கூடாது. கோடையிலேயே மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். கார அமில நிலை 8.5க்கு மேலிருந்தால் களர் நிலம். அதற்கு ஜிப்சம் தேவை. மின்கடத்தும் திறன் 4க்கு மேலிருந்தால் உவர் நிலம். வடிகால் வெட்டி, மழைநீரைத் தேக்கி வடித்தால் உப்பு குறையும். இரண்டும் மிகுந்தால் ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடிக்கவும்.

பின்னர் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45ஆம் நாள் மடக்கி உழவும். களர் நிலத்துக்குத் திருச்சி 3 நெல் ஏற்றது.

2024இல் தமிழக அரசு ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதை வழங்கியது. இவ்வாண்டு உதவியை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிந்து பயன்பெறலாம்.