உங்களுக்குத் தெரியுமா? மெட்டல் வாசிக்க ஒரு கிட்டார்

கடைக்குள் நுழைந்ததும் கூர் கூரான உடம்பும் கறுப்புப் பெயின்ட்டும்தான் கண்ணை இழுக்கும். மெட்டல் வாசிக்க கிட்டார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: எந்தச் சுருதியில் வாசிக்கப் போகிறேன்? மற்ற முடிவுகள் பெரும்பாலும் அதன் பின்னால் வந்துவிடும்.

● 'வி' வடிவ கிட்டார் மெட்டலுக்காகப் பிறந்ததல்ல. கிப்சன் நிறுவனம் ஃப்ளையிங் வி-யை வெளியிட்ட 1958இல் அந்த இசையே கிடையாது. முதல் இரண்டு வருடங்களில் நூறு கிட்டார்கூட விலை போகவில்லை. அன்றே அதைத் துணிந்து கையிலெடுத்தவர்களில் ஒருவர் ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங். உட்கார்ந்து வாசித்தால் தொடையிலிருந்து நழுவும் என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால் கீழ் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டையை ஒட்டி அனுப்பினார்கள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்துதான் பயிற்சி என்றால், வி-யின் ஒரு சிறகைக் கால்களுக்கு நடுவே இடுக்கி, கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் இடது மணிக்கட்டுக்கு நல்லதுதான். பழகாதவர்கள் ஆறே மாதத்தில் அதைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள்.

● மெட்டாலிகாவின் முதல் ஆல்பமான 'கில் எம் ஆல்' 1983இல் வந்தது. அதில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் வாசித்த வெள்ளை வி, கிப்சன் அல்ல. ஜப்பானில் செய்த எலெக்ட்ரா என்ற நகல்.

● வீட்டு மின்சாரத்துக்கும் ஒரு சுருதி உண்டு. இந்தியாவில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. மேற்கத்திய இசையில் 49 ஹெர்ட்ஸில் வரும் 'ஜி' சுரத்துக்கு மிக அருகில். ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டார் இந்த ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும். மெட்டலில் ஆம்ப்பின் கெயினை ஏகத்துக்கும் ஏற்றுவதால், கம்பி ஒலியோடு ரீங்காரமும் பூதாகாரமாகும். 1955இல் கிப்சனின் பொறியாளர் சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத் துருவங்களையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. கம்பியின் ஒலி மட்டும் கூடுகிறது. அதுதான் ஹம்பக்கர். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் இல்லாத கிட்டாரை மெட்டலுக்கென்று வாங்குவதற்கு அழுத்தமான காரணம் ஏதாவது இருக்க வேண்டும்.

● பிடித்த கிட்டாரில் ஹம்பக்கர் இல்லையா? பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஐயன் மெய்டனின் டேவ் மர்ரே வாசித்த 1957ஆம் வருட ஸ்ட்ராடோகாஸ்டர் ஒரு காலத்தில் 'ஃப்ரீ' குழுவின் பால் காசாஃபிடம் இருந்தது. அதில் டிமார்ஸியோ ஹம்பக்கர்களைப் பொருத்திக்கொண்டார் மர்ரே. அந்த வடிவத்தையும் அந்தச் சத்தத்தையும் சேர்த்தே பிறகு பல கம்பெனிகள் விற்கத் தொடங்கின.

● ஈஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்கப்புகள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. பெரும்பாலான கிட்டார்களில் ஒயரைச் செருகுவதே ஸ்விட்ச் போடுவது. வாசித்து முடித்தபின் ஒயரை அப்படியே விட்டுவிட்டால் பேட்டரி ராத்திரி முழுக்கக் கரையும். கச்சேரியின் நடுவே சத்தம் கம்மித் தேய்ந்து உயிரை வாங்கும்.

● ஒரு விபத்துதான் மெட்டலின் கனத்துக்கு விதை போட்டது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உலோகத் தகடு ஆலையொன்றில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு (பின்னாளில் பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர்) 1965இல் வயது 17. வேலையை விடும் கடைசி நாளன்று எந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்தது. அயோமி இடது கைப் பழக்கக்காரர். ஆகவே கம்பியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, தோலை ஒட்டி, தானே விரல் தொப்பி செய்துகொண்டார். அன்றைக்குக் கிடைத்த கிட்டார் கம்பிகள் அவர் விரலுக்குக் கடினமாக இருந்தன. மெல்லிய பாஞ்சோ கம்பிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாட்டுகளில், கம்பி இன்னும் தளரட்டும் என்று சுருதியையே ஒன்றரை ஸ்வரம் இறக்கிவிட்டார். அந்த இருண்ட, கனத்த ஒலியைப் பின்னால் வந்தவர்கள் வேண்டுமென்றே தேடிப் போனார்கள்.

● சுருதியை இறக்கினால் கம்பி தொளதொளத்துப் போகும் என்பது எல்லோரும் அறிந்தது. எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடிக் கம்பியை ஈ சுரத்திலிருந்து (82 ஹெர்ட்ஸ்) டி-க்கு (73 ஹெர்ட்ஸ்) இறக்கினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சி-க்கு (65 ஹெர்ட்ஸ்) இறக்கினால் 37 சதவீதம் போகும். வேகமாக அடிக்கும்போது கம்பி அலைபாய்ந்து மெட்டுகளில் (ஃபிரெட்டுகளில்) மோதிச் சலசலக்கும். முதல் அடியில் சுருதி சற்றே மேலே ஏறி இறங்கும். கம்பியைத் தடிமனாக்குவது முதல் வைத்தியம். சாதாரண 46 அளவுக்குப் பதில் 56 அல்லது 58. அதற்கு நட் எனப்படும் மேல் தாங்கியின் பள்ளங்களை அரம் போட்டு அகலப்படுத்த வேண்டியிருக்கும். செலவு அதிகமில்லை. ஆனால் தெரிந்தவர் கை வைக்க வேண்டிய வேலை.

● இரண்டாவது வைத்தியம் நீளம். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை, ஃபெண்டர் மரபில் 25.5 அங்குலம்; கிப்சன் மரபில் 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். அதே கம்பி, அதே சுருதியில் இழுவிசை 6 சதவீதம் கூடுகிறது. பி வரை இறங்க நினைப்பவர்கள் 27 அங்குல பாரிடோன் கிட்டாரை ஒருமுறை கையில் வாங்கிப் பார்ப்பது நல்லது. சின்னக் கைக்காரர்களுக்கு முதல் சில மெட்டுகள் எட்டாத தூரமாகத் தோன்றும். அதையும் கடையிலேயே தெரிந்துகொள்ளலாம்.

● ஃபிளாய்ட் ரோஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். 1970களின் நடுவில் ராக் குழுவொன்றில் வாசித்துக்கொண்டிருந்தார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போல வாமி பாரை (சுரத்தை வளைக்கும் கைப்பிடியை) ஆட்டும்போதெல்லாம் சுருதி கலைந்தது. பக்கத் தொழிலாக நகை செய்துவந்ததால் கருவிகள் கைவசம் இருந்தன. அவற்றை வைத்து, கம்பிகளை நட்டிலேயே இறுக்கிப் பூட்டும் ஓர் அமைப்பைச் செய்தார். காப்புரிமை 1979இல் கிடைத்தது. எடி வான் ஹேலன் கையில் அது உலகெங்கும் பரவியது.

கேட்க ஆசையாக இருக்கும். முதல் கிட்டாரில் இது வேண்டாம் என்பது என் கட்சி. பிரிட்ஜ், பின்னாலுள்ள ஸ்பிரிங்குகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே சமன்பட்டு மிதக்கிறது. ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி மாறும். இன்று ஈ, நாளை டிராப் சி என்று மாற்றி மாற்றி வாசிக்கவும் முடியாது. பூட்டைத் திறந்து, ஸ்பிரிங்கைத் திருத்தி, ஒவ்வொரு கம்பியாக நான்கைந்து சுற்று வரவேண்டும். மலிவு நகல்களில் உலோகம் மென்மையாக இருப்பதால் பிரிட்ஜ் ஊன்றி நிற்கும் கூர்முனைகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். வாமி பார் தேவைப்படாத மெட்டல் பாட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. அசையாத பிரிட்ஜில் உள்ளங்கையைப் பதித்து அமுக்கி அடிப்பதும் சுகம்.

● கிட்டார் கலைஞர் ரேண்டி ரோட்ஸ் ஒரு வித்தியாசமான வி வேண்டும் என்று குரோவர் ஜாக்சனிடம் போனார். ஜாக்சன் அப்போது சார்வெல் கிட்டார் கம்பெனியின் சொந்தக்காரர். வந்த வடிவம் அந்தப் பெயருக்குப் பொருந்தாது என்று நினைத்தாரோ என்னவோ, தலைப்பகுதியில் தன் பெயரைப் போட்டார். ஜாக்சன் கிட்டார் பிறந்த கதை அது. ரோட்ஸுக்கு அதை வாசிக்க அதிகக் காலம் வாய்க்கவில்லை. 1982 மார்ச் 19 அன்று விமான விபத்தில் இறந்தபோது வயது 25.

● வீணைக்கு 24 மெட்டு. வேக வாசிப்புக்கென்று செய்யும் மெட்டல் கிட்டார்களில் பலவற்றுக்கும் 24 ஃபிரெட். இரண்டிலும் ஒரே கணக்குதான்: ஒரு கம்பியில் இரண்டு ஸ்தாயி. உறவு அதோடு நிற்கவில்லை. வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் விரல் மரத்தில் படாது. கம்பியை ஆழமாக இழுத்துக் கமகம் கொடுக்கலாம். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், 'சக்தி' குழுவுக்காகச் செய்வித்த கிட்டாரில் ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகக் குடைந்திருந்தார்கள். மெட்டலில் இந்தக் குழிப் பலகையைப் பிரபலமாக்கியவர் ஸ்வீடனின் இங்வே மாம்ஸ்டீன். அவருக்கு யோசனை வந்தது வீணையிலிருந்து அல்ல. பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தபோது கண்ட 17ஆம் நூற்றாண்டு லூட் ஒன்றிலிருந்து. அழுத்திப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் வாசித்தால் எல்லா சுரமும் ஏறித்தான் ஒலிக்கும்.

● விரல் பலகைக்குப் பெயர்போன மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. 2017 ஜனவரியில் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. விற்பனைக்காக எல்லை தாண்டும் ஈட்டிமர கிட்டார்களுக்குக் காகிதம் கேட்டார்கள். பல கம்பெனிகள் வேறு மரங்களுக்குத் தாவின. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஈட்டியா, கருங்காலியா, மேப்பிளா என்று வாங்குகிறவர் தூக்கம் கெட வேண்டாம். அந்த அளவு டிஸ்டார்ஷனில் பலகை மரத்தைக் காதால் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

● ஏழு கம்பி கிட்டாரைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1990இல் ஐபனெஸ்; ஸ்டீவ் வாய்க்காகச் செய்த யூனிவர்ஸ் மாடல். அவர் அதில் வித்தை காட்டினார். 1994இல் கார்ன் குழு அதே ஏழு கம்பியை இன்னும் ஒரு சுரம் இறக்கி, வித்தையே இல்லாமல் இடித்தது. விற்பனைக்கு வழிவிட்டது இடிதான்.

● எட்டுக் கம்பிக்குப் பேர்போன மெஷுக்கா குழு, 2002இல் 'நத்திங்' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது கைக்கு வந்த எட்டுக் கம்பி கிட்டார்கள் சரியாக அமையவில்லை. ஏழு கம்பி கிட்டாரையே இறக்கி வாசித்துச் சமாளித்தார்கள். மனசு ஆறவில்லை போலும். 2006இல் உண்மையான எட்டுக் கம்பியில் கிட்டார் பகுதிகளை மறுபடி பதிவு செய்து வெளியிட்டார்கள். எட்டாவது கம்பி வழக்கமாக 46 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41. ஆகவே உங்கள் குழுவில் பேஸ் வாசிப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

● பான்டெரா குழுவின் டைம்பேக் டாரல், டெக்சாஸில் நடந்த போட்டியொன்றில் டீன் எம்எல் கிட்டாரைப் பரிசாக ஜெயித்தார். கார் வாங்கப் பணம் வேண்டுமென்று அதை விற்றார். கைமாறிப் போன கிட்டாரை அவருடைய நண்பர் பட்டி பிளேஸ் வாங்கி, நீல மின்னல் வரைந்து திருப்பிக் கொடுத்தார். 1990இல் வந்த 'கவ்பாய்ஸ் ஃப்ரம் ஹெல்' படைப்பு முதல் டாரலின் அடையாளமே அந்த மின்னல்தான். இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. வால்வு ஆம்ப்தான் உசத்தி என்று எல்லோரும் சத்தியம் செய்த காலத்தில், அவர் டிரான்சிஸ்டரில் ஓடும் ரேண்டல் ஆம்ப் வழியாக அந்த ரம்ப ஒலியை எடுத்தார்.

● ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவிலிருந்து 1990இல் வந்த என்டூம்ட் குழுவின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தின் மரமறுக்கும் ஒலிக்குப் பின்னால் இருப்பது பாஸ் எச்எம்-2 என்ற சின்ன பெடல். குமிழ்கள் நான்கு, நான்கையும் கடைசிவரை திருகினார்கள். ஹெவி மெட்டல் இசைக்காக 1983இல் வந்த பெடல் அது. 1991இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். டெத் மெட்டல்காரர்கள் பழைய சந்தைகளில் அதைத் தேடி விலையேற்றியபின், 2020இல் கம்பெனியே மறுபடி செய்தது. பட்ஜெட்டைக் கிட்டாரிலேயே கரைத்துவிட்டு, மிச்சக் காசில் ஆம்ப் வாங்குபவர்கள் இந்தச் சம்பவத்தைச் சற்று யோசிக்கலாம்.

● கடையில் ஆம்ப்பைப் போடாமல் முதலில் வாசியுங்கள். ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்திப் பாருங்கள். சலசலப்பை டிஸ்டார்ஷன் மூடிவிடும், வெறும் கை மூடாது. பன்னிரண்டாம் மெட்டின் சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ட்யூனரில் ஒன்றாக வருகின்றனவா? வராவிட்டால் பிரிட்ஜில் திருத்தக்கூடியதா என்று கேளுங்கள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவைச் சரிசெய்ய வழியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1920களில் கிப்சனில் டெட் மெக்ஹ்யூ காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அதற்கு அடிக்கடி வேலை வரும். திருகும்போது ஒரு நேரத்துக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

● இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்குக் கடையில் தேர்வு குறைவு. இருப்பதற்கும் விலை கூடுதல். அயோமியிடம் முதலில் இருந்த கிப்சன் எஸ்ஜி வலது கைக்காரர்களுக்கானது. அதைத் தலைகீழாகத் திருப்பி வாசித்துவந்தார். ஒருநாள் இடது கை எஸ்ஜி ஒன்றைத் தலைகீழாக வாசிக்கும் வலது கைக்காரரைச் சந்தித்தார். இருவரும் கிட்டாரை மாற்றிக்கொண்டார்கள். பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்யப் போன 1969ஆம் வருடம், அவருடைய ஸ்ட்ராடோகாஸ்டரின் பிக்கப் ஒரு பாட்டோடு பழுதானது. மீதியெல்லாம் கைமாறி வந்த அந்த எஸ்ஜியில்தான்.