தலைவாசல் சர்வ்லெட்

ஜாவா மொழியில் இணையத்தளம் அமைப்போர் கையாளும் சர்வ்லெட் என்பது, 1990-களின் பிற்பகுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வகுத்தளித்த விதிகளின்படி, சர்வ்லெட்டுகளை இயக்கும் டாம்கேட் போன்ற கண்டெய்னர் ஒன்றினுள் அமர்ந்து, பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கையைப் படித்து, அதற்குரிய மறுமொழியை எழுதியனுப்பும் ஒரு ஜாவா கிளாஸ் ஆகும்.

சாதாரண முறையில், லாகினுக்கு ஒன்று, தேடலுக்கு ஒன்று, கட்டணத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே சர்வ்லெட்டுகளை எழுதி, எந்த முகவரிக்கு எது உரியதென்று வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் பதிவு செய்வார்கள். நாலைந்து பக்கங்களே உள்ள தளத்துக்கு இதனினும் எளிய ஏற்பாடு இல்லை என்றே நான் கருதுகிறேன். ஆயினும் பக்கங்கள் பெருகப் பெருக, படிவத்தில் வெறும் எழுத்தாக வந்ததை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றுதல், அதன் குற்றங்குறைகளைச் சோதித்தல், பிழை நேர்ந்தால் தக்க பக்கத்தைக் காட்டுதல் ஆகிய ஒரே விதமான காரியங்கள் ஒவ்வொரு சர்வ்லெட்டிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, ஓரிடத்தில் செய்த திருத்தம் பிறிதோரிடத்தில் விடுபட்டுப் போகும்.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக, 2000-ஆம் ஆண்டில் கிரெய்க் மெக்லானஹன் உருவாக்கிய ஸ்ட்ரட்ஸ் என்னும் ஃபிரேம்வொர்க், சகல கோரிக்கைகளையும் ஆக்‌ஷன்சர்வ்லெட் என்னும் ஒரே தலைவாசல் வழியாக வரச் செய்து, அப்பொதுக் காரியங்களை ஓரிடத்திலேயே கவனித்தது. அதன்பின் எழுந்த ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில் அப்பொறுப்பு டிஸ்பாட்சர்சர்வ்லெட்டினுடையது: கோரிக்கை யாருக்கு உரியதென்று ஹேண்ட்லர்மேப்பிங்கிடம் விசாரித்தறிந்து, அதனைக் கவனிக்கும் கிளாஸாகிய கண்ட்ரோலரை அழைத்து, அது திருப்பியளிக்கும் பெயருக்குரிய பக்கத்தை வியூரிசால்வர் துணையால் கண்டுபிடித்து, மறுமொழியைப் பூர்த்தி செய்கிறது. 2007-இல் வந்த 2.5-ஆம் பதிப்பு முதல், கண்ட்ரோலர் எந்த பேஸ் கிளாஸையும் பின்பற்ற வேண்டாத, தலையில் ஓர் அடையாளக் குறிப்பு மட்டும் தாங்கிய சாமானிய கிளாஸாகிவிட்டது. சர்வரை இயக்காமலே அதனைத் தனியே சோதித்துப் பார்க்கலாம் என்பது, பெரிய தளங்களைப் பராமரிப்போருக்குக் கிடைத்த மகத்தான சௌகரியம்.

எனினும் டிஸ்பாட்சர்சர்வ்லெட் வேறு ஜாதியன்று; அதுவும் எச்டிடிபிசர்வ்லெட்டின் வம்சத்தில் பிறந்ததே. கண்டெய்னர் எந்தச் சர்வ்லெட்டையும் சாதாரணமாக ஒருமுறை மட்டுமே சிருஷ்டித்து, ஏககாலத்தில் வருவோர் அனைவருக்கும் அந்த ஒன்றையே பல திரெட்டுகளில் இயக்குகிறது. ஸ்பிரிங்கும் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில் கண்ட்ரோலர்களை அவ்வாறே நடத்துகிறது. ஆகையால், ஃபிரேம்வொர்க்கிலிருந்தே பாடம் தொடங்குவோரும், ஒருவருடைய விவரத்தைக் கண்ட்ரோலரின் ஃபீல்டில் வைத்தால் அது மற்றொருவர் கைக்குப் போய்ச் சேரக்கூடும் என்பதை அறிந்து, அதனை மெத்தடினுள்ளேயோ, அவரவர்க்குரிய செஷனிலோ வைத்தல் அவசியம்.