பட்டாவும் கூட்டுப் பண்ணையும்: சித்தூர் கண்ட சித்தாந்தப் போர்

இரண்டாம் உலக மகாயுத்தம் ஓய்ந்தபின், ஜெர்மனியும் கொரியாவும் முதலாளித்துவம், பொதுவுடைமை என்னும் இரு சித்தாந்தங்களுக்காகக் கூறுபோடப்பட்டு, ஒரே பாஷை பேசும் சகோதரர்கள் முள்வேலியின் இருபுறமும் பகைவராய் நின்ற அதே காலத்தில், நம் சித்தூர் ஜில்லாவும் எல்லைத் தகராறில் சிக்கியிருந்தது. ஆனால் இங்கே வழக்காடியது பாஷை. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமானபோது திருப்பதியும் சித்தூரும் அதனுடன் சென்றன, ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக, எல்லைத் தகராறு பற்றிய படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி மட்டும் சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிற்று. இவ்வரலாற்றைத் தமிழர் நன்கறிவர். உலகத்தை இரண்டாக்கிய அந்தச் சித்தாந்தப் பிளவும் இம்மண்ணுக்கு வந்து, ஒவ்வொரு கிராமத்துக்குள்ளும் புகுந்து, ஓட்டுப்பெட்டியின் முன் தீர்ப்புக்கு நின்றதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

1952 பொதுத் தேர்தலில், ஆந்திரப் பகுதியின் 140 சட்டசபைத் தொகுதிகளில் 41-ஐக் கம்யூனிஸ்டுகள் கைப்பற்றினர். மதுவிலக்குப் பிரச்சினையில் ஆந்திர ராஜ்யத்தின் பிரகாசம் மந்திரிசபை கவிழ்ந்து 1955-இல் மறுபடியும் தேர்தல் வந்தபோது, அவர்களுடைய ஆட்சியே அமையக்கூடும் என்ற எதிர்பார்ப்பும் அச்சமும் தேசமெங்கும் பரவியிருந்தன. தேர்தல் வேளையில் மாஸ்கோவின் 'பிராவ்தா' பத்திரிகை நேருவின் வெளிநாட்டுக் கொள்கையைப் புகழ்ந்து எழுத, காங்கிரஸ்காரர்கள் அதையே தங்கள் ஆயுதமாக்கிக்கொண்டனர். நூற்றுக்கு 31 பங்கு ஓட்டுப் பெற்றும் கம்யூனிஸ்டுகளுக்கு 196 ஸ்தானங்களில் 15 மட்டுமே கிடைத்தன. அவர்களை எதிர்த்த கட்சிகள் காங்கிரஸுடன் ஒன்றுசேர்ந்து நின்றதன் விளைவு அது.

அக்கூட்டணியில் தம் கிருஷிகார் லோக் கட்சியுடன் சேர்ந்திருந்தவர் குண்டூர் ஜில்லாவைச் சேர்ந்த என்.ஜி.ரங்கா. 1936-இல் தோன்றிய அகில இந்திய கிசான் சபைக்குப் பொதுச் செயலாளராயிருந்த அவர், அச்சபை கம்யூனிஸ்டுகள் வசமானபின் அவர்களிடமிருந்து விலகி, சொந்த நிலத்தைத் தானே உழுது பயிரிடும் விவசாயியின் உரிமையே தம் சமயம் என்று கொண்டவர். 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ், நில உச்சவரம்பையும் கூட்டுறவுப் பண்ணை முறையையும் லட்சியமாக ஏற்றுத் தீர்மானித்ததும், அதற்குள் காங்கிரஸில் இணைந்திருந்த அவர் அதைத் துறந்து, ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியின் தலைவரானார்.

ரங்காவின் குரல் சித்தூர்ச் சீமையில் ஏன் எடுபட்டது என்பதை, அதன் நிலச் சரித்திரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். கார்வேட்டி நகரம், காளஹஸ்தி, புங்கனூர் ஜமீன்களின் கீழ்த் தலைமுறை தலைமுறையாக வரி செலுத்தி வந்த குடிகளுக்கு, 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் பயனாகத்தான் அரசாங்கத்திடம் நேராகப் பட்டா பெறும் வழி பிறந்தது. மழை பொய்க்கும் மேட்டு நிலத்தில் கடன்பட்டுக் கிணறு வெட்டி, கவலையேற்றத்தால் நீர் இறைத்து, வேர்க்கடலையும் வெல்லத்துக்கான கரும்பும் விளைவித்தவனிடம், பட்டாவின் மை உலருமுன்னே, வரப்பை அழித்து நிலத்தைப் பொதுவில் சேர்க்கலாம் என்று சொன்னால் அவன் திகைக்காமல் என்ன செய்வான்? சீனத்தில் 1958-இல் அமைக்கப்பட்ட கம்யூன்களையடுத்துக் கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட பஞ்சம் வந்ததை நினைக்கும்போது, அந்தத் திகைப்பை வெறும் சுயநலமென்று நான் ஒருபோதும் ஒதுக்கமாட்டேன்.

1962-இல் சித்தூர்த் தொகுதியிலிருந்து மக்கள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட திருச்சானூர் அனந்தசயனம் ஐயங்கார் பீஹார் கவர்னராகச் சென்றார். அதனால் வந்த இடைத்தேர்தலில் வென்றவர் ரங்கா. அரசாங்கத்திடம் நேராகப் பட்டா பெற்ற ரயத்துவாரி நிலங்களையும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களின் வரம்புக்குள் கொண்டுவந்த அரசியல் சாசனத்தின் பதினேழாவது திருத்தத்தை, சித்தூரின் பிரதிநிதியாக அவர் தீவிரமாக எதிர்த்தார். திருத்தம் 1964-இல் நிறைவேறிற்று. ஆயினும் உச்சவரம்புக்குட்பட்டுத் தானே பயிரிடும் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டால் சந்தை விலைக்குக் குறையாத நஷ்டஈடு தரவேண்டும் என்ற பாதுகாப்பும் அதிலேயே இடம்பெற்றது. கூட்டுப் பண்ணையோ இத்தேசத்தில் வேரூன்றவேயில்லை. பிற நாடுகளில் துப்பாக்கியும் சிறைச்சாலையும் தீர்த்த ஒரு வழக்கை வாதத்தாலும் ஓட்டாலும் நடத்திய பெருமை நம் குடியானவர்களுக்கு உண்டு.

ஆனால் அவ்வழக்கில் கட்சிக்காரனாகச் சேர்க்கப்படாதவன் ஒருவன் இருந்தான். பட்டா உள்ளவனுடைய நிலம் காக்கப்பட வேண்டுமென்று ரங்கா வாதாடியபோது, அந்நிலத்தில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் கூலி பெற்ற சேரி மக்களுக்கு இழப்பதற்கும் பட்டா இல்லை, காப்பதற்கும் பட்டா இல்லை. கூட்டுப் பண்ணையை முன்வைத்த காங்கிரஸிலோ, நிலமுள்ளோரே கிராமத் தலைவர்களாயிருந்தனர். தங்கள் நிலத்துக்குத் தாங்களே உச்சவரம்பு கட்ட அவர்களுக்கு மனம் வருமா? ஆந்திரத்தில் 1961-இலும் 1973-இலும் உச்சவரம்புச் சட்டங்கள் வந்தன. அவற்றுக்கு முன்பே உறவினர் பெயர்களில் நிலத்தைப் பிரித்து எழுதிக்கொள்ள வசதியுள்ளவர்களுக்கு அவகாசமும் இருந்தது. விவசாயத்தால் பிழைக்க வழியின்றிக் குப்பம், பலமனேர்ப் பக்கங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்வோரின் பாட்டன்மார், 1962-இல் எந்த மேடையின் முன் நின்றிருந்தாலும், தங்களுக்கு நிலம் எப்போது என்ற கேள்விக்கு அங்கே விடை கேட்டிருக்கமாட்டார்கள்.